கல்லுக்கும் இரும்புக்கும் நடுவே ஒரு பிளைவுட் துண்டு

எங்கள் வீட்டில் சப்பாத்தியை 'முனைவர்' என்று சொல்வோம். "இன்னிக்கு ரெண்டு முனைவர் போதுமா, மூணு வைக்கட்டுமா?" என்று என் மனைவி கல்பனா அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தால், புதிதாக வந்த விருந்தாளி இது சாப்பாட்டு மேசையா பட்டமளிப்பு மேடையா என்று விழிப்பார். விளக்கம் சொல்லும் முழு உரிமை என் மாமனாருக்கு. அவர் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லுவார், எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். (நான் சிரிக்கும் இடம்தான் கதையின் உச்சம் என்பது அவர் எண்ணம்.) அந்தக் கதையில் ஒரு விஷயம் விட்டுப்போயிருந்தது. எட்டு வருடமாக விட்டுப்போயிருந்தது. விட்டவன் நான்.

நான் ஆறு வருடம் பாறையை ஆராய்ச்சி செய்தவன். அந்த ஆறு வருடத்தில் பாறையை நேருக்கு நேர் சந்தித்தது இரண்டே தடவை. முதல் தடவை கல்லூரி வாசலில் தடுக்கி விழுந்தபோது. இரண்டாவது தடவையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

தொடாமல் எப்படி ஆராய்ச்சி என்று கேட்பீர்கள். பாறை எப்படி உடையும் என்பதைக் கணிப்பொறிக்குள் உடைத்துப் பார்ப்பது என் வேலை. சுரங்கப்பாதை தோண்டுகிறவர்களுக்கு இது முன்கூட்டியே தெரிய வேண்டும். தோண்டிக்கொண்டிருக்கும்போது தெரிந்தால் சொல்ல ஆள் இருக்க மாட்டார்கள். கணிப்பொறிக்குள் பாறை முழுக் கட்டியாக இருக்காது. ஆயிரக்கணக்கான குட்டிக் குட்டி உருண்டைகள், ஒன்றோடொன்று பசை போட்டு ஒட்டியபடி, கடலை உருண்டை மாதிரி இருக்கும். பாகு சரியாக இருந்தால் பல் உடையும், இல்லாவிட்டால் உருண்டை உடையும். (இருநூற்றுச் சொச்சம் பக்கம் கொண்ட என் ஆய்வேட்டின் சாரம் இந்த ஒரு வரிதான். இதை முதலிலேயே எழுதிக் கொடுத்திருக்கலாம்.)

அந்தப் பாகில்தான் சிக்கல். அது எவ்வளவு விறைப்பு, எவ்வளவு பலம், உருண்டைக்கும் உருண்டைக்கும் உராய்வு எவ்வளவு என்று எந்தக் கருவியாலும் அளக்க முடியாது. ஏனென்றால் அப்படி ஒரு பாகு நிஜப் பாறையில் கிடையாது. ஆகவே குத்துமதிப்பாக எண்களைக் கொடுத்து, கணிப்பொறிக் கல்லை நசுக்கி, ஆய்வகத்தில் நிஜக் கல்லை நசுக்கியபோது வந்த வரைகோட்டோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் எண்ணை மாற்றி மறுபடி. இதற்கு கேலிபரேஷன் என்று பெயர். ஹீட்டர் போட்ட குளியலறையில் சுடுதண்ணீர்க் குழாயையும் பச்சைத்தண்ணீர்க் குழாயையும் திருகித் திருகிப் பதம் பார்ப்போமே, அதேதான். என்ன, இங்கே குழாய்கள் ஒன்பது. இன்றைக்குத் திருகினால் தண்ணீர் நாளைக்கு வரும். வந்ததும் அலறிக்கொண்டு இன்னொன்றைத் திருக வேண்டும்.

ஆவடியைத் தாண்டி ஒரு பொறியியல் கல்லூரி. அதன் இரண்டாவது மாடியில் ஏசி அறையில் உட்கார்ந்து நான் குழாய் திருகிக்கொண்டிருந்தேன். நிஜக் கல்லை நசுக்கும் ஆய்வகம் கீழ்த்தளத்தில். நடுவில் நாற்பது படிகள்தான். ஆனால் அவற்றில் இறங்கினால் சட்டையில் தூசி படும், ஏகாம்பரம் அண்ணன் பேச்சுக் கொடுப்பார். ஆராய்ச்சியாளனுக்கு நேரம் பொன்னல்லவா! (மேலே உட்கார்ந்து என்ன கிழித்தேன் என்று கேட்காதீர்கள். கணிப்பொறி ஓடி முடிக்கும்வரை அதையே பார்த்துக்கொண்டு கடலை கொறிப்பேன்.)

ஏகாம்பரம் அண்ணன் ஆய்வக உதவியாளர். கள்ளிக்குப்பத்துக்காரர். கான்கிரீட் கட்டியோ கருங்கல்லோ, நசுக்கும் இயந்திரத்துக்குள் எது போனாலும் அவர் கையால்தான் போகும். என்னைவிட இருபது வயது பெரியவர். நான் 'அண்ணே' என்பேன், அவர் என்னை 'சார்' என்பார். அவருடைய 'சார்' பக்கத்திலேயே 'நீ'யும் வரும். அதில் அவமரியாதை ஒரு துளியும் கிடையாது.

ஒரு நாள் காலை ஏழரை மணிக்கு அவரிடமிருந்து போன். முகப்பேர் வீட்டில் ஒரு கையில் இட்லியோடு நின்றபடி ஸ்பீக்கரில் போட்டேன். பக்கத்தில் கல்பனா, மூட மறுக்கும் டிபன் பாக்ஸ் மூடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஐ.டி. கம்பெனி வேலை அவளுக்கு. வீட்டில் சம்பளம் என்று வந்தது அது ஒன்றுதான்.

"சார், கல்லெல்லாம் வந்துக்கீது. நாப்பத்திரெண்டு. மேல எச்சாவா ஏழு. ஆனா பாலிஷ் மெஷின் படுத்துகினு கீது. ரெண்டு முனையும் சமமா இல்ல. அப்பிடியே வச்சா பிளேட்டு ஒரு பக்கமா ஒக்காரும்."

"அதுக்கு என்னண்ணே பண்றது?"

"ரிப்பேருக்கு ஒரு லெட்டர் எழுதிக் குடு சார். கைடாண்ட கையெழுத்து வாங்கினா ரெண்டு மாசத்துல ஆள் வந்துருவான்."

"ரெண்டு மாசமா! விளையாடுறீங்களா? ஏதாவது அட்ஜஸ்ட் பண்ணுங்கண்ணே."

"பிளைவுட்டு வச்சு வேணா ஒடைக்கலாம். கட்டடத்துக்காரன் கான்கிரீட்டு கட்டிய அப்பிடித்தான் ஒடைக்கிறது. ஆனா கல்லுக்கு அது சரியா வராது சார். ஒரு தபா நீயே வந்து பாத்தின்னா..."

"வைங்கண்ணே, எதையாவது வைங்க. எனக்கு டேட்டா வந்தா போதும்."

போனை வைத்தேன், இட்லியை முடித்தேன், மறந்தேன். வேண்டுமென்று மறக்கவில்லை, சத்தியமாகவே மறந்தேன். கெட்டவனாக இருக்கவும் கொஞ்சம் ஞாபகசக்தி வேண்டும். எனக்கு அதுகூட இல்லை.

பதினைந்து நாளில் நாற்பத்திரண்டு கல்லும் உடைந்தன. ஏகாம்பரம் அண்ணன் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு கேன்டீனுக்கே வந்தார். நான் ஒரு கையில் டீ கிளாஸோடு, சுவரில் வைத்து நாற்பத்திரண்டு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டேன். அங்கேயே எண்கள் இருந்த கட்டத்தை மட்டும் போனில் படம் பிடித்தேன். வலது ஓரத்தில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் அவர் கையெழுத்தில் தமிழில் ஏதோ இருந்தது. எண்ணாக இல்லாததால் அது எனக்குத் தகவலாகப் படவில்லை.

மேலே வந்து வரைகோடுகளைப் போட்டுப் பார்த்தேன். எல்லாக் கோடும் ஒரே மாதிரி, ஆரம்பத்தில் தொப்பை போட்டிருந்தது. கருங்கல்லை அழுத்தினால் கோடு விறைப்பாக மேலே ஏற வேண்டும். இதுவோ முதலில் மெத்தை மாதிரி அமுங்கி, யோசித்து, பிறகுதான் எழுந்தது. அந்த உயரக் கல்லுக்குக் கொஞ்சமும் பொருந்தாத அளவு அமுங்கியது.

கொஞ்சம் மூளை உள்ளவன் கீழே இறங்கிப் போய், "என்னண்ணே இது?" என்று கேட்டிருப்பான். நான் அதைக் கண்டுபிடிப்பு என்று முடிவு செய்தேன். பாறைக்குள் கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசல்கள் முதலில் மூடிக்கொள்கின்றன, அதனால்தான் இந்த நெகிழ்வு என்று எழுதினேன். அதற்கு 'தொடக்க நெகிழ்வு மண்டலம்' என்று பெயரும் வைத்தேன். குழந்தைக்குப் பெயர் வைக்கும்போதுகூட நான் அவ்வளவு யோசித்ததில்லை. உருண்டைகளுக்கு நடுவே நுண்ணிய இடைவெளி விட்டு, அழுத்த அழுத்த விறைப்பு ஏறும் விசேஷப் பசை ஒன்றைத் தயாரித்தேன். அதற்காக ஒன்பது குழாய் பதினொன்றானது. இரண்டு வருடம் திருகினேன். கடைசியில் ஒரு நாள் என் கோடு ஆய்வகக் கோட்டின் மேல் அப்படியே படிந்தது. கற்கள் நெடுக்குவாக்கில் பிளந்த விதம்கூட ஒத்துப்போனது. நான் நாற்காலியை விட்டு எழுந்து நின்று எனக்கே கைதட்டினேன். (அறையில் வேறு யாரும் இல்லை. இருந்திருந்தால் அவர்களையும் தட்டச் சொல்லியிருப்பேன்.)

என் கைடு, அதாவது வழிகாட்டிப் பேராசிரியர், தோளில் தட்டினார். கட்டுரை ஒன்று வெளியானது. ஆய்வேடு அச்சாகித் தேர்வாளர்களிடம் போய் ஒப்புதலோடு திரும்பியது. மிச்சம் வாய்மொழித் தேர்வு ஒன்றுதான்.

நம் ஊரில் அதற்குப் பெயர்தான் தேர்வு. நடப்பதென்னவோ காதுகுத்துக்கும் கல்யாணத்துக்கும் நடுவில் ஒரு விசேஷம். அரங்கத்தில் முதல் வரிசை சொந்தக்காரர்களுக்கு. தேர்வாளருக்குச் சால்வை முன்கூட்டியே வாங்கியாயிற்று. கேள்வி கேட்பதற்கு முன்பே எல்லார் கையிலும் மைசூர்பாகு, சமோசா, மிக்சர் போட்ட அட்டைப் பெட்டி. கடைசியில் தேர்வாளர் எழுந்து, "இவர் இனி முனைவர்" என்பார். உடனே போட்டோ. அதில் யாரும் தோற்றதாக எங்கள் கல்லூரியில் சரித்திரமே இல்லை. தேர்ச்சி அறிவித்த மறுநாள் உதவிப் பேராசிரியர் பணி நிரந்தரம் என்று கல்லூரி சொல்லியிருந்தது. ஆறு வருடம் ஒற்றைச் சம்பளத்தில் குடும்பத்தை இழுத்த கல்பனா, "நான் கொஞ்சம் மூச்சு விட்டுக்கிறேன்" என்று ஒரு மாத விடுப்புக்கு எழுதிக் கொடுத்திருந்தாள்.

மாமனார் ஒரு படி மேலே போனார். அம்பத்தூர் ஓ.டி.யில் ஒரு கடையில் கருங்கல் பலகை வாங்கி, முகத்தைக் கண்ணாடி மாதிரி பாலிஷ் போட்டு, 'முனைவர் ம. தண்டபாணி' என்று ஆழமாக வெட்டச் சொல்லி, சுவரில் ஆணி அடிக்க நல்ல நேரமும் பார்த்து வைத்திருந்தார். அதை அரங்கத்துக்கே துணியில் சுற்றிக் கொண்டுவந்துவிட்டார்.

"மாமா, இதை எதுக்கு இங்க?"

"மாப்ளே, பட்டம் குடுக்கிற அம்மா கையால ஒரு தடவை தொட்டுக் குடுக்கட்டும்."

அந்த அம்மா, வெளித்தேர்வாளர், ஒல்லியாக, மெதுவாகப் பேசுகிறவர். பல வருடம் சுரங்கப்பாதை வேலைகளில் இருந்தவர். அவர் மைசூர்பாகைத் தொடவில்லை. அப்போதே நான் முன்னெச்சரிக்கையாக ஏதாவது செய்திருக்க வேண்டும். செய்யவில்லை.

நாற்பது நிமிடம் பேசினேன். என் பெரியப்பா மகன் இரண்டு தடவை தூங்கி எழுந்து கைதட்டினான். பிறகு அவர் கேட்டார்.

"இவ்வளவு கெட்டியான கருங்கல்லு. ஆனா உங்க கோட்டுல ஆரம்பத்துல இப்படி அமுங்குதே. ஏன்?"

"நுண்விரிசல்கள் மூடுறதால மேடம். அதான் தொடக்க நெகிழ்வு மண்டலம்."

"இத்தனை அமுங்கணும்னா உள்ள அத்தனை ஓட்டை இருக்கணும். அப்ப அது கல்லு இல்ல தம்பி, பொரி." அரங்கத்தில் சிரிப்பு. நானும் பெருந்தன்மையோடு சிரித்தேன். "சோதனை நடக்கும்போது நீங்க கூட நின்னீங்களா?"

"மேற்பார்வை பண்ணேன் மேடம்."

"லேப் எங்க?"

"கீழதான்."

"வாங்க. ஒண்ணு உடைச்சுப் பார்த்துட்டு வந்துருவோம்."

கைடு முகம் வெளிறுவதை அப்போது பார்த்தேன். சரித்திரத்தில் முதல்முறையாக ஒரு வாய்மொழித் தேர்வு படியிறங்கியது. முன்னால் அந்த அம்மா, பின்னால் நான், அதற்குப் பின்னால் சமோசாப் பெட்டிகளோடு மொத்தக் குடும்பம். "உடைக்கிறதைக் காட்டப் போறாங்களாம்!" என்று மாமனார் எல்லாரையும் கிளப்பிக்கொண்டு வந்தார். கருங்கல் பலகை அவர் இடுப்பில்.

ஏகாம்பரம் அண்ணன் அன்றைக்குத் தேய்த்த சட்டை போட்டிருந்தார். அழைப்பு இல்லாவிட்டாலும், தன் கல் மேலே மேடை ஏறியிருக்கிறதே என்று. விஷயத்தைச் சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது.

"எச்சா வந்ததுல மிச்சம் கீது மேடம், பாலிஷ் போடாதது. இதோ."

இழுப்பறையைத் திறந்தார். இரண்டு சதுர பிளைவுட் துண்டுகளை எடுத்தார். விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து, பிசிறில்லாமல் அழகாக வைத்திருந்தார். ஒன்றை இயந்திரத் தட்டின் மேல் வைத்தார். அதன் மேல் கல். கல்லின் மேல் இன்னொன்று. பூஜைக்கு அடுக்குவது மாதிரி.

"இது என்ன?" என்றார் அந்த அம்மா.

"பிளை, மேடம்."

"எல்லாக் கல்லுக்கும் இப்படித்தானா?"

"நாப்பத்திரெண்டுக்கும் மேடம். ஒரு கல்லுக்கு ஒரு சோடி, புச்சு. அமுங்கினதையே மறுபடி வச்சா கணக்கு மாறிப்பூடும்ல?"

அந்த அம்மா பிளைவுட்டை விரல் நகத்தால் அழுத்தினார். சின்னதாகப் பள்ளம் விழுந்தது. என் தொடக்க நெகிழ்வு மண்டலத்தை வாழ்க்கையில் முதன்முறையாக நேரில் பார்த்தேன்.

"தம்பி," என்றார், இன்னும் மெதுவாக. "நீங்க அமுங்கினதா அளந்தது கல்லை இல்ல, இந்த மரத்தை. இது நசுங்கும்போது பக்கவாட்டுல விரியும். விரியும்போது கல்லையும் சேர்த்து இழுக்கும். அதான் எல்லாக் கல்லும் நெடுக்கப் பிளந்திருக்கு. அதையும் உங்க மாடல் ரொம்ப அழகா பிடிச்சிருக்கு. பிளைவுட்டுக்கு இவ்வளவு நல்ல மாடலை நான் எங்கயும் பார்த்ததில்லை."

யாரோ மிக்சர் மெல்வது கேட்டது.

"இதை வைக்கச் சொன்னது யாரு?"

அந்த நொடி எனக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. இட்லி, போன், 'எதையாவது வைங்கண்ணே', எல்லாம். எட்டு வருடம் கழித்தும் அந்த நொடியை ஓட்டிப் பார்க்கிறேன். வாயைத் திறந்து, "நான்தான் மேடம்" என்று இரண்டு வார்த்தை. பதினொரு குழாயைத் திருகத் தெரிந்தவனுக்கு அந்த ஒன்றைத் திறக்கத் தெரியவில்லை. முதல் வரிசையே கீழே வந்து நிற்கிறது. மாமனார் இடுப்பில் என் பெயர் இருக்கிறது.

"எனக்குத் தெரியாது மேடம். அவராவே வச்சிருக்காரு."

ஏகாம்பரம் அண்ணன் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். 'இன்னா சார் இது?' என்பது மாதிரி, கொஞ்சம் குழப்பத்தோடு பார்த்தார். பிறகு அந்த அம்மாவிடம் திரும்பினார்.

"ஆமா மேடம். நானாத்தான் வச்சேன்."

நான் தப்பித்தேன் என்று நினைத்தது சரியாக அரை நிமிடம். அந்த அம்மா பதிவேட்டைக் கேட்டார். முதல் பக்கத்தைச் சத்தமாகப் படித்தார். "குறிப்பு: முனை பாலிஷ் இல்லை. மேலும் கீழும் பிளை வைத்து." இரண்டாம் பக்கம், அதே. மூன்றாம் பக்கம், அதே. புரட்டிக்கொண்டே போய், கீழே விரலை வைத்தார்.

"இது யார் கையெழுத்து?"

"என்னுது மேடம்."

"படிச்சுட்டுத்தானே போட்டீங்க?"

இந்தக் கேள்விக்கு இரண்டு பதில்தான் உண்டு. ஆமாம் என்றால் பொய்யன். இல்லை என்றால் முட்டாள். நான் யோசித்து முட்டாளைத் தேர்ந்தெடுத்தேன். (பொய்யனும் நானே என்பது அந்த அறையில் என்னைத் தவிர ஒரே ஒருவருக்குத்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.)

சோதனைகளை முறைப்படி மறுபடி செய்து, மாடலை மறுபடி கேலிபரேட் செய்து, அதன்பின் தேர்வு என்று எழுதிவிட்டு அந்த அம்மா கிளம்பினார். சால்வையை வாங்கிக்கொள்ளவில்லை. போகும்போது ஏகாம்பரம் அண்ணனிடம், "பதிவேடு நல்லா வச்சிருக்கீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் கைடு கூப்பிட்டு நிர்வாகத்துக்கு விளக்கக் கடிதம் எழுதச் சொன்னார். யாரையாவது தண்டித்தால்தான் கோப்பு மூடும். என்னைத் தண்டித்தால் கைடையும் தண்டிக்க வேண்டும். 'ஆய்வக உதவியாளரின் கவனக்குறைவால்' என்று கடிதம் ஆரம்பித்தது. வாசகம் அவருடையது, கையெழுத்து என்னுடையது. ஆறு வருட ஆராய்ச்சி வாழ்க்கையில் நான் முழுசாகப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட ஒரே காகிதம் அதுதான்.

ஒரு வாரத்தில் ஏகாம்பரம் அண்ணனை ஆய்வகத்திலிருந்து எடுத்து, கல்லூரிப் பேருந்துகள் ஓடிய கிலோமீட்டரைக் குறித்துவைக்கும் வேலைக்கு அனுப்பினார்கள். வாசல் பக்கம் தகரக் கொட்டகை. நான் அதன் பிறகு பின்வாசல் வழியாகப் போய்வந்தேன்.

மறுபடி உடைத்தாயா என்றால், இல்லை. அந்த அறைக்குள் போக முடியவில்லை. மாடியில் உட்கார்ந்து, புத்தகத்தில் இருந்த கருங்கல் எண்களை வைத்துத் திருகிப் பார்த்தேன். நசுக்கும் பலம் ஒத்துப்போனால் இழுக்கும் பலம் எகிறியது. இழுப்பைச் சரிசெய்தால் நசுக்கல் படுத்தது. என் விசேஷப் பசை மரத்துக்கென்றே பிறந்தது, கல்லில் ஒட்ட மறுத்தது. பதிவுக் காலம் முடிந்தது. வேலை வேறு யாருக்கோ நிரந்தரமானது. கல்பனா விடுப்பை ரத்து செய்துவிட்டு ஆபீசுக்குப் போனாள். நான் இப்போது அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் மென்பொருளைச் சோதிக்கிறேன். அடுத்தவர் செய்த தப்பைக் கண்டுபிடித்து எழுதுவதுதான் வேலை. அதில் எனக்கு முன்னனுபவம் உண்டு.

கருங்கல் பலகையைத் தூக்கிப்போட மாமனாருக்கு மனசு வரவில்லை. "நல்ல கல்லு மாப்ளே" என்று அடுப்படி மேடையில் போட்டார். கல்பனா அதன் மேல் சப்பாத்தி தேய்த்தாள். எழுத்து ஆழமாக வெட்டியதா, தேய்த்த மாவின் அடியில் 'முனைவர் ம. தண்டபாணி' என்று கண்ணாடி எழுத்தில் புடைத்துக்கொண்டு வந்தது. தோசைக்கல்லில் சுட்டதும் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. பெரிய சப்பாத்தியில் முழுப் பெயரும் விழும். சின்னதில் பட்டம் மட்டும். முதல் நாள் எல்லாரும் மூச்சு முட்டச் சிரித்தோம். அன்றிலிருந்து பெயர் நிலைத்துவிட்டது. மாமனார் சொல்லும் கதையில் நான் அப்பாவி விஞ்ஞானி, வில்லன் 'அந்த பிளைவுட் ஆளு'. "படிச்சவன் மாங்கு மாங்குன்னு உழைச்சான், கீழ இருந்தவன் ரெண்டு பலகையை வச்சுக் கவுத்துட்டான்" என்று முடிப்பார். நான் குருமாவைத் தொட்டுக்கொள்வேன்.

போன மாதம் அம்பத்தூர் ஸ்டேஷனில் டிக்கெட் வரிசையில் நிற்கிறேன். பின்னாலிருந்து ஒரு குரல்.

"டாக்டர் சார்! இன்னா, நல்லா கீறியா?"

ஏகாம்பரம் அண்ணன். தலை முழுக்க நரைத்துவிட்டது. கள்ளிக்குப்பம் வீட்டிலிருந்து வேப்பம்பட்டில் மகள் வீட்டுக்குப் போகிறாராம். கேலி செய்கிறாரோ என்று முகத்தைத் தேடினேன். கேலி இல்லை. அது இருந்திருக்கலாம்.

"நான் டாக்டர் ஆகலண்ணே."

"அட, அப்பிடியா? அந்தக் கல்ல மறுபடி ஒடச்சுப் பாக்கலியா நீ?"

"இல்லண்ணே."

"இன்னா சார் நீ! பஸ்ஸாண்ட போறதுக்கு முன்னாடி, வெளிய ஒர்த்தன் பட்டறைல மீதி ஆறு கல்ல ரெண்டு முனையும் பாலிஷ் போட்டு வாங்கியாந்து, உன் பேர் எய்தி இய்ப்பறைல வச்சிட்டுப் போனேனே. அந்தப் புது பையனாண்ட சொல்லிகினும் போனேன், சார் வருவாரு, குடுன்னு." அவர் வரிசையில் ஒரு அடி நகர்ந்தார். "பிளை இல்லாம எவ்ளோ வருதுன்னு எனக்கும் தெரிஞ்சிக்கணும்னு இருந்துச்சு. அவ்ளோதான்."

மன்னிப்புக் கேட்டிருப்பேன் என்றுதானே நினைக்கிறீர்கள்? "ரயில் வந்துருச்சுண்ணே" என்றேன். உண்மையிலேயே வந்துவிட்டது. நான் ஒதுங்கி வழிவிட, அவர் டிக்கெட் எடுத்து, கை காட்டிவிட்டு ஏறிப் போனார். நான் எதிர்த் திசைக்கு டிக்கெட் எடுத்து, எங்கே போக வந்தேன் என்று யோசித்து, வீட்டுக்கு வந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை. மாமனார், கல்பனா, ஆறு வயது மகள் யாழினி, நான். குருமா வாசனை. பக்கத்து ஃப்ளாட்டுக்குப் புதிதாக வந்தவரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார். ஆகவே மாமனார் ஆரம்பித்தார். 'அந்த பிளைவுட் ஆளு' வரைக்கும் வந்தார்.

"மாமா," என்றேன். "அந்த பிளையை வைக்கச் சொன்னது நான்தான். அவர் வேணாம்னாரு. நான்தான் வைக்கச் சொன்னேன். அப்புறம் எல்லார் முன்னாடியும் இல்லைன்னேன்."

பக்கத்து ஃப்ளாட்காரர் தண்ணீர் குடித்தார். மாமனார் கை பாதிக் கதையில் அப்படியே நின்றது. நான் கல்பனாவைப் பார்த்தேன். அவள் மாவைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"தெரியும்," என்றாள்.

"எப்படி?"

"போனை ஸ்பீக்கர்ல போட்டது யாரு? நான்தானே பக்கத்துல டிபன் பாக்ஸ் மூடியோட நின்னேன்."

"பின்ன இத்தனை வருஷமா ஏன் ஒரு வார்த்தை கேக்கல?"

"நீங்களா சொல்றீங்களான்னு பார்த்தேன்." உருட்டுக்கட்டையை நிறுத்தினாள். "உங்க கேலிபரேஷன் எல்லாமே லேட்டாத்தானே முடியும்."

யாரும் சிரிக்கவில்லை. அவள் கருங்கல் பலகையைத் தூக்கி, எழுத்து கீழே போகும்படி திருப்பிப் போட்டாள். பின்பக்கம் பாலிஷ் போடாத பக்கம். சொரசொரப்பு. மாவு ஒட்டிக்கொண்டது, பிய்த்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. விளிம்பு கிழிந்த ஒரு சப்பாத்தியைச் சுட்டு என் தட்டில் வைத்தாள். பிறகு பலகையைத் திருப்பிக்கொண்டு மற்றவர்களுக்குத் தேய்த்தாள்.

இன்றுவரை அதுதான் நடைமுறை. வீட்டில் எல்லாருக்கும் முனைவர், எனக்கு மட்டும் மொட்டை. நேற்று யாழினி தன் தட்டையும் என் தட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"அப்பாவோடதுல மட்டும் ஏன் எழுத்து இல்ல?"

"அப்பா இன்னும் ஒருத்தர் வீட்டுக்குப் போயிட்டு வரணும்," என்றாள் கல்பனா. "கள்ளிக்குப்பத்துக்கு."

மாமனார் அதற்குச் சிரித்தார். புதுக் கதை கிடைத்துவிட்டது அவருக்கு.